ஒன்றரை மணி நேரக் களி

எனக்கு அறுபத்தெட்டு வயது. பெற்றது ஆறு, ஆளாக்கியதும் ஆறு. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

கடைசி மகள் புனேவில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, போன வருஷம்தான் உண்டானாள். மூன்றாம் மாதம் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றாராம் டாக்டர்.

“அடுப்பு வாசனையே ஆவல. உன் களின்னா தின்னுடுவேன்மா” என்று போனில் அழுதாள்.

பெரிய மகன் விமானத்துக்கு டிக்கெட் போட்டான். பெங்களூரிலிருந்து புனே எவ்வளவு நேரம் என்று அவன் மகளைக் கேட்டேன். போனைப் பார்த்துச் சொன்னாள்.

“ஒண்ணர மணி நேரந்தான் ஆயா. நீ சந்தைக்குப் போயி வர்ற நேரம்.”

காட்டுக்குக் களி சுமந்தவள் நான். ஈரத்துணி சுற்றினால் இரண்டு மணி நேரம் பதமாக இருக்கும். வீட்டிலேயே கிண்டி எடுத்துப்போனால் அங்கே அடுப்பே பற்றவைக்க வேண்டாமே.

மகன் சிரித்தான். “ஏரோப்ளேன் நம்ம வூட்டு வாசல்லயா வந்து நிக்குது?”

“நீ டிக்கெட்டப் பாரு. களிய நான் பாத்துக்கறேன்.”

விடியலில் கிண்டி, ஆறு உருண்டை பிடித்துத் தூக்கில் வைத்தேன். மகனும் நானும் மாரண்டஹள்ளியில் பஸ் ஏறி ஓசூர் போகவே வெயில் வந்துவிட்டது. அங்கிருந்து பெங்களூரைக் குறுக்கே கடந்து, ஊரின் அந்தக் கோடிக்குப் போக வேண்டியிருந்தது. போனதும் இரண்டு மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். சோதனை போட்ட பெண் தூக்கைத் திறந்து, “முத்தேயா அஜ்ஜி?” என்றாள். களிக்கு அவர்கள் ஊரில் அதுதான் பேர். வாயும் வயிறுமான மகளுக்கு என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவளே மூடியை அழுத்தி மூடிக் கொடுத்தாள்.

விமானம் ஒன்றரை மணி நேரம்தான் பறந்தது. பேத்தி பொய் சொல்லவில்லை. இறங்கியபின் கார் போன நேரமும் அதே அளவு. மகள் வீட்டுக் கதவைத் தட்டும்போது மாலை நான்கு மணி. கிளம்பிப் பதினோரு மணி நேரம்.

மகள் உருண்டையை விரலால் அழுத்தினாள். இறங்கவில்லை. எனக்கு முகமே செத்துவிட்டது. மகன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினான்; அதுதான் இன்னும் கோபமாக வந்தது.

“கல்லாட்டம் இருக்குதும்மா” என்று மகள் சிரித்தாள். “நேத்து மீந்த களிய நம்மூட்டுல என்ன பண்ணுவ?”

அடுப்பே தேவையில்லையே. தண்ணீரில் ஊறவைத்து, மோர் ஊற்றிக் கரைத்து, உப்பும் சின்ன வெங்காயமும் போட்டேன். ஒரு சொம்பு குடித்தாள். மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். விளக்கு வைக்கும் நேரம் வந்தது; குடித்தது தங்கிவிட்டது. “இன்னும் ஒரு உருண்ட கரைம்மா” என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. குழந்தைக்கு இப்போது பல் முளைக்கிறது.

விமானம் வாசலில் வந்து நிற்காது என்று மகன் சொன்னது சரிதான். எழுதிவிட்டேன்.

கண்ணு, இங்க வா. மொதல்லருந்து சத்தமாப் படி, நான் கேக்கறேன். உங்கப்பன் சொன்னது சரின்னு இருக்கிற எடத்துல மட்டும் கொஞ்சம் சத்தங் கொறச்சுப் படி.