பாலத்து இரும்பாணி

1. பாலத்தின் பக்கச் சுவரில் பதித்திருந்த இரும்பாணியை ஆதாரமாக வைத்து, பாலத்தையும் அதை ஒட்டிய சாலையையும் அளந்தோம். உயரங்கள் பழைய வரைபடத்தோடு பொருந்தின.
2. அதே இடங்களைச் செயற்கைக்கோள் கருவியால் அளந்தோம். எல்லாமே நான்கு விரல் தாழ்ந்திருந்தன.
3. கருவியில் பிழை என்று வேறொன்று கொண்டுவந்தோம். அதுவும் அதையே காட்டியது.
4. பிறகுதான் ஆணியைச் சந்தேகித்தோம்.

வடக்கு ஜெர்மனியின் ஒதுக்கமான ஆற்றுப் பள்ளத்தாக்கு அது. அங்கே வாகனங்கள் போகக்கூடிய வழிகளை வரைபடமாக்குவது எங்கள் வேலை. ஆணி அசையாது என்பதுதான் அந்த வேலைக்கு அடிப்படை. ஆனால் பாலமும் சாலையும் சதுப்புக்குள் இறங்கியபோது ஆணியும் கூடவே இறங்கியிருக்கிறது. அதிலிருந்து அளந்த எல்லோருக்கும் எதுவும் மாறாததுபோலத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பாலத்தால் தினமும் வருபவர் மன்னாரைச் சேர்ந்த ஓர் அண்ணை. அக்கரைக் கிராமங்களின் சிறுநீரக நோயாளிகளை இரத்தச் சுத்திகரிப்புக்காக நகரத்துக்கு ஏற்றிச் செல்லும் சிறு வான் வண்டியின் ஓட்டுநர். நான் அம்மாவோடு போனில் தமிழில் கதைத்ததைக் கேட்டு ஒருநாள் வானை நிறுத்தியதில் பழக்கம்.

நேற்றுக் காலை பாலத்தின் கிராமப் பக்கத் தொடக்கத்தில், நான் நின்ற இடத்தில் வானை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

“என்ன தங்கச்சி, அந்த ஆணியை மாப்பிள்ளை பாக்கிற மாதிரி நெடுகப் பாக்கிறியள்?”

“அண்ணை, பாலம் இறங்குது. இதால போகாதேங்கோ.”

“பூட்டிப்போட்டாங்களோ?”

“இல்லை. அறிக்கை குடுத்திட்டம். கந்தோரில மேலதிகாரியள் இன்னும் முடிவெடுக்கேல்லை.”

“வெள்ளத்துக்குப் படகும் நிண்டுட்டுது. சுத்திப் போனா ஆஸ்பத்திரியில தந்த டெர்மின் நேரம் தவறும். தவறினா இவையின்ர பாடு என்ன?”

“அப்ப ஆக்களை இறக்கி நடக்க விட்டிட்டு, வெறும் வானை மெதுவாக் கொண்டுபோங்கோ.”

“நடக்க ஏலாத ஆக்களைத்தானே நான் ஏத்துறன்.”

பின்னிருக்கையிலிருந்த ஒருவர் ஏன் நிற்கிறோம் என்று ஜெர்மனில் கேட்டார். ஒன்றுமில்லை என்று அண்ணை பதில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “ஆமை மாதிரிப் போறன், சரியோ?” என்றார்.

வான் பாலத்தில் ஏறியது. பாலத்தோரத்தில் நிறுத்தியிருந்த என் அளவுக் கருவியின் முக்காலியில் நீர்மட்டக் குமிழி ஒரு பக்கமாக ஓடியது. வான் பாலத்தைக் கடந்து நகரப் பக்கம் மறைந்த பிறகும் அது நடுவுக்குத் திரும்பவில்லை.

அதையும் எழுதி அனுப்பினேன். வரைபடத்தில் பாலத்தைச் சிவப்பால் குறித்திருக்கிறேன். அனுமதி வரும்வரை மற்றவர்கள் பார்க்கும் பிரதியில் அது பச்சையாகவே இருக்கும். பாலம் திறந்திருக்கிறது. மழை விடவில்லை. நாளைக்கும் அண்ணைக்கு ஓட்டம் இருக்கிறது.