கிணற்று விராலும் சித்தியும்

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, மருங்காபுரியில் வாழ்க்கைப்பட்டிருந்த சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். தலைப்பிரசவத்தில் பிறந்த குழந்தை ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. சித்தப்பா அவளை பஸ்ஸில் அழைத்து வந்தார். வாசலில் நின்றபடியே அம்மாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். பாப்பா சம்மனசாகிவிட்டது என்று எனக்குச் சொன்னார்கள். மாதா கோயில் படத்தில் சம்மனசுகள் வெள்ளை இறக்கையோடு தேவதூதர்களாக நன்றாகத்தான் இருந்தன. அதற்குப் போய் சித்தி ஏன் சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்போது எடமலைப்பட்டி புதூரில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் அகலமான தோட்டக் கிணறு. உள்ளே இறங்கப் படிகள் இருந்தன. தண்ணீரில் புழு வைக்காமலிருக்க வீட்டுக்காரர் விட்டிருந்த விரால் ஒன்று என் கை நீளத்துக்கு வளர்ந்திருந்தது. புழு அலுத்துப்போயிற்றோ என்னவோ, அது தட்டான் பிடிக்கப் பழகியிருந்தது. படி நிழலில் கட்டை மாதிரி அசையாமல் கிடக்கும். தட்டான் தாழப் பறந்து வந்து வால் நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழும்பும்போது, ஒரே துள்ளலில் முழு உடம்பும் வெளியே வந்து, காற்றிலேயே கவ்விக்கொண்டு விழும்.

சித்தி எந்நேரமும் அந்தக் கிணற்றடியில்தான் உட்கார்ந்திருந்தாள். காலாண்டு லீவு விட்டதும் அம்மா எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். சித்தியோடு உட்கார்ந்து மீனைப் பார்க்க வேண்டும்; எதற்காகவும் எழுந்து போகக் கூடாது; அங்கே ஏதாவது நடந்தால் மட்டும் உடனே ஓடிவந்து சொல்ல வேண்டும். அண்ணனுக்குத் தராத வேலை எனக்குக் கிடைத்ததில் பெருமை தாங்கவில்லை. மீன் துள்ளும்போதெல்லாம் அடுப்படிக்கு ஓடினேன். அம்மாவும் ஒவ்வொரு தடவையும் கைவேலையை நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்த்தபடி முழுவதையும் கேட்டுக்கொள்வாள்.

முதலில் சித்தி மீனைக் கவனிக்கவே இல்லை. நான்தான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். சில நாட்கள் போனபின், தட்டான் தாழ இறங்கினால் முந்தானையை வீசி விரட்ட ஆரம்பித்தாள். அவள் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஒருநாள் விராலுக்குக் குறி தப்பியது. அதன் வால் அடித்து, தட்டான் தண்ணீரில் விழுந்து, இறக்கை ஒட்டிக்கொண்டு தத்தளித்தது. சித்தி சட்டென்று எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியிறங்கினாள். நான் ஓடினேன். அம்மா கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சித்தி கிணத்துல இறங்கிட்டாங்க."

மீனையும் தட்டானையும் பற்றி நான் சொல்ல வேண்டியது மிச்சமிருந்தது. அதற்குள் பானை உருண்டு கஞ்சி தரையெல்லாம் ஓடியது. அம்மா ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை.

நான் பின்னாலேயே போய்ச் சேர்ந்தபோது அம்மா மேல்படியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். கீழே, இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்த சித்தி, உள்ளங்கையில் தட்டானை வைத்து மெல்ல ஊதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"நான் விழலைக்கா. தட்டான்தான் விழுந்துச்சு."

அம்மா இறங்கிப்போய் அவளை ஈரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வந்ததிலிருந்து அழாத சித்தி அன்று சத்தம் போட்டு அழுதாள். தட்டான் அவள் மணிக்கட்டில் கொஞ்சம் உட்கார்ந்திருந்து பறந்துபோனது. விரால் இன்னொரு முறை துள்ளியது. நான் கைகாட்டியும் இருவரும் திரும்பவில்லை.

அன்று சோறு குழைந்துபோயிருந்தது. சித்தி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் நான் கிணற்றடிக்குக் கிளம்பியபோது அம்மா என்னை நிறுத்தி, தலையை வருடினாள்.

"போய் விளையாடும்மா. இனிமே நீ பார்த்துக்க வேண்டாம்."

நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டு அழுதேன். மீன் துள்ளினால் இனி அம்மாவுக்கு யார் வந்து சொல்வார்கள் என்பதுதான் அன்று என் கவலை.