பிழைத்த பச்சை

போன கிழமை அக்குறணையில் ஒரு பெயின்ட் கடையில் டின் ஒன்றைத் திறந்தபோது, கேட்டால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெயின்ட் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன். உள்ளே இருந்தது ஒரு பச்சை. கீரைக்குத் தேங்காய்ப்பால் விட்டு இறக்கியது போல, கொஞ்சம் நோஞ்சான் பச்சை.

நான் படம் வரையத் தொடங்கிய காலத்தில் அந்தக் கடை நானா குச்சியால் கலக்கித்தான் நிறம் எடுப்பார். ஆள் பேச்சுப் பிரியர். கதை சுவாரசியத்தில் ஒரு சொட்டுக் கூடிப்போகும். கேட்டவர் முகத்தைச் சுளித்துவிட்டுப் போய்விடுவார். அப்படிப் பிழைத்துப்போன டின்களுக்குக் கடையின் பின்பக்கம் ஒரு தட்டு இருந்தது. மஹய்யாவவிலிருந்து பஸ் ஏறி வந்து அவற்றை வாங்குகிற ஒரே ஆள் நான்தான். மலிவு என்பது வீட்டுக்குச் சொன்ன காரணம். உண்மையில், யாரும் கேட்காத நிறங்கள் மேல் எனக்குப் பைத்தியம். ஹாட்போர்ட் பலகையில் அப்பு அப்பென்று அப்புவேன். பலகை நூலளவு தெரிந்தாலும் மானம் போய்விடும் என்று நினைத்த வயது.

"இது என்னா படம்?" என்பார் அம்மா.

"படந்தாம்மா."

அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

முதல் கண்காட்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது, பெரிய படத்தின் வலது மூலையில் கையகலம் பாக்கி இருக்க, அந்தத் தட்டில் எடுத்த நோஞ்சான் பச்சை தீர்ந்துவிட்டது. வேறெதுவும் ஒட்டவில்லை. அந்தப் படத்தை நம்பித்தான் கண்காட்சிக்கே ஒப்புக்கொண்டிருந்தேன். டின் மூடியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"நானா, இதே மாதிரி இன்னொருக்கா பிழையா கலந்து தாங்க."

நானா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை ஏழு டின் கலக்கினார். ஏழும் அழகான பச்சை.

"சரியா கலக்கச் செல்லுங்க, கலக்கித் தாரன். உட்ட பிழையத் திரும்ப உட ஏலாது தங்கச்சி."

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். மூலையை அப்படியே விட்டுத்தான் படத்தை மாட்டினேன். வந்தவர்களோ அந்த வெறும் பலகை முன்னால்தான் நின்றார்கள். என்ன ஒரு யோசனை என்று ஒருவர் வியந்தார். நானும் கூச்சமில்லாமல் தலையாட்டி வைத்தேன். பிறகுதான் பலகையின் மண்ணிறத்தையும் சாக்கின் இழையையும் பழைய அட்டையின் மடிப்பையும் மூடாமல் விடப் பழகினேன். இன்று என் படங்களில் பெயின்ட் பாதிதான். அந்த முதல் படத்தை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை, மூலை முடியட்டும் என்று.

போன கிழமை நானாவின் மகள் என் பழைய மூடியை ஒரு மெஷினில் காட்டினாள். ஐந்து நிமிடத்தில் அதே பச்சை, அதே நோஞ்சான். டின்னில் ஓர் இலக்கம் ஒட்டியிருந்தது. இனி எத்தனை டின் கேட்டாலும் வருமாம். நரைத்துப்போன நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்ப இனி ஒன்னும் பிழைக்காதா நானா?"

"பிழைக்காது தங்கச்சி. இப்ப இதும் சரியான நெறம்."

வீட்டுக்கு வந்து தூரிகையோடு படத்தின் முன்னால் நின்றேன். மூலை இத்தனை வருடத்தில் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. அதைத் தொட மனம் வரவில்லை. பச்சையைக் குளியலறைக் கதவுக்கு அடித்துவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது.

கடையில் அந்தத் தட்டு இருந்த இடத்தில் இப்போது நிறப் பட்டியல் ஒன்று தொங்குகிறது. நூற்றுக்கணக்கான நிறங்கள், எல்லாவற்றுக்கும் பெயர். யாரும் கேட்காத நிறம் மட்டும் அதில் ஒன்றுகூட இல்லை.