முள்ளுக்குள் நின்ற கன்றுகள்

நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். வேலை முடிந்து வந்ததும் அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, துணியில் ஒட்டிய களைவிதைகளை ஒன்றுவிடாமல் பிய்த்து அடுப்பில் போடுவார். பிறகுதான் தண்ணீர்கூடக் குடிப்பார். அக்கா என்பது என் கணவருடைய அண்ணன் மனைவி. காட்டில் உண்ணிச்செடி பிடுங்குவது எங்கள் இருவருக்கும் வேலை.

உண்ணிச்செடி எங்கிருந்தோ வந்த முட்புதர். அது மூடிய இடத்தில் வெயில் இறங்காது, மரக்கன்று தலைதூக்காது. மேஸ்திரி ஒரு சரிவை அக்காவின் பொறுப்பில் விட்டார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அங்கே கன்றுகள் நிற்க வேண்டும். இல்லையென்றால் மலையையே புதருக்கு விட்டுவிடுவது என்று வனத்துறை அலுவலகத்தில் முடிவு.

அக்கா வீட்டைப் பெருக்குவதுபோலச் சரிவைப் பெருக்கினார். வேரோடு பிடுங்கி, சருகுவரை அள்ளி, கீழே கொண்டுபோய்க் கொட்டினார். ஊரே மெச்சி அவருக்குத் துடைப்பம் என்று பெயர் வைத்தது. மழை பெய்ததும் மண்ணுக்குள் கிடந்த மரவிதைகள் முளைத்துச் சரிவே பச்சையானது. பின்னாலேயே மான்கள் வந்தன. கன்றுகள் எல்லாம் கணுக்கால் உயரத்தில் கத்தரித்துவிட்டதுபோல் நின்றன.

“துடைப்பம் மானுக்குப் பந்தி வச்சிருக்கு! கையலம்பத் தண்ணி வைக்காததுதான் குறை” என்றார் எங்களோடு வேலை செய்யும் மண்வெட்டிக்காரர்.

அக்கா கீழே, பிடுங்கிக் கொட்டிய குவியலின் ஓரத்தில் போய்க் குனிந்தார். காய்ந்த முள்ளுக்கு நடுவே ஒரு கன்று, ஓர் இலைகூடக் குறையாமல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது.

“மான் மூக்க நுழைக்க முடியல, பாத்தியாடி? வெயிலு மட்டும் நுழைஞ்சிருக்கு.”

மறுநாளிலிருந்து அந்தக் குவியலையே மேலே சுமந்தார். மறுபடி வேர் பிடிக்காதபடி தலைகீழாக, கடிபட்ட கன்றுகளைச் சுற்றித் தளர்வாகப் போட்டார். சுத்தத்துக்கே பழகிய கை; ஒழுங்காக அடுக்கிவிட்டு, ஞாபகம் வந்து மறுபடி கலைப்பார்.

“என்னம்மா, கை வலியா? எல்லாத்தையும் அப்படியே போட்டு வச்சிருக்கீங்க?” என்றார் மேஸ்திரி.

“கை வலிக்கலண்ணே. இந்தக் குப்பையப் பாத்துக் கண்ணுதான் வலிக்குது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. ஊரே மெச்சிய தன் வேலையைத் தவறென்று தானே கண்டு, ஒரு வார்த்தை நொந்துகொள்ளாமல் மாற்றிக்கொண்டவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்று சரிவின் கீழ்ப்பாதியில் கன்றுகள் மான் எட்டாத உயரத்தில் நிற்கின்றன. மேல்பாதியில் முள் சரிந்த இடங்களில் மான் தின்றுவிட்டது; பறவைகள் போட்ட விதையில் உண்ணிச்செடியும் முளைக்கிறது. மலையைக் கைவிடும் பேச்சு நின்றுவிட்டது. பக்கத்துச் சரிவில் அக்காவும் நானும் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.