பிணத்தைச் சிரிக்க வைப்பவர்

தான் குத்திக் கொன்றவரின் ரத்தத்தைச் சின்னக்கண்ணுவே தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாளி, கையில் தேங்காய் நார். “வெயில் ஏறுறதுக்குள்ள தேச்சிரணும். காஞ்சா ஆத்தங்குடிக் கல்லு குடிச்சிரும். பொறவு மொதலாளி என்னையக் குடிச்சிருவாக.”

பள்ளத்தூரில் அந்தப் பெரிய வீட்டுக்கு அவர்தான் காவல். சொந்தக்காரர்கள் சென்னையில், வீடு பாதி நாள் சினிமாக்காரர்கள் கையில். ஒருமுறை, வரவேண்டிய அடியாள் நடிகர் பஸ்ஸைத் தவறவிட, சாவிக்கொத்தோடு நின்ற இவரிடம் அரிவாளைக் கொடுத்தார்கள். அதிலிருந்து அந்த வீட்டில் எந்தப் படம் எடுத்தாலும் கொலை இவர் பொறுப்பு.

நெடிய ஆள், அடர்ந்த மீசை. வீட்டில் கோழி அறுத்தால் மட்டும் டீக்கடைக்குப் போய்விடுவார். குழம்பு கொதிக்கும்போது திரும்பி வருவார். “அது வேற. இப்ப அது கொழம்பு.”

பிணமாக நடித்தவர் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்பது சினிமா வழக்கம். அவசரத்தில் மற்றவர்கள் மறந்தாலும் இவர் விடமாட்டார். செத்தவரின் மார்பில் கையை வைத்து அமுக்கிக்கொள்வார். “சிரிங்க சார். வீட்ல புள்ளகுட்டி இருக்குல்ல. பல்லு தெரியச் சிரிங்க.”

போன மாதம் வந்த இயக்குநர் நித்யஸ்ரீ மனோதத்துவம் படித்த பெண். “அண்ணே, உங்க கேரக்டர் சின்ன வயசுல நிறைய அடி வாங்கினவன். அதான் இவ்வளவு கொடூரம்.”

“அடி வாங்காதவன் இந்தத் தாலுகாவுல எவன்ம்மா? எல்லாருமா வெட்டுறாக?”

அந்தப் படத்தில்தான் முதல்முறையாக, மனைவியை அடிக்கும் காட்சி. எப்படி அடிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. சின்னக்கண்ணு நிதானமாக விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றினார். மகளாக நடித்த குழந்தையின் உள்ளங்கையில் வைத்து மூடினார். அப்புறம் திரும்பி அடித்தார். ‘கட்’ சொன்ன கையோடு நித்யஸ்ரீ எழுந்து வந்தாள். அடுத்த படத்தில் முழு வேஷம், சென்னைக்கு வந்துவிடுங்கள் என்றாள்.

“ஆத்தாவக் கேட்டுச் சொல்றேன்” என்றார், ஐம்பதைத் தாண்டிய சின்னக்கண்ணு. ஆனால் அன்று மாலையே தலைக்கு மை அடித்திருந்தார். அவ்வளவு ஆசை.

எதிர்வீட்டுக்காரி என்று என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அவர் அம்மா கருப்பியம்மாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். மகன் செய்யும் கொலைகளை “அருவாளப் பிடிக்கிறான் பாரு, கரண்டியப் பிடிச்ச மாதிரி” என்று கிண்டலடிக்கிறவர். மகன் போனில் வாங்கி வைத்திருந்த அந்த அடிக்கும் காட்சியைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார்.

“மோதிரத்தக் கழட்டச் சொல்லி யார்றா சொல்லிக் குடுத்தா?”

“யாரும் சொல்லலத்தா. தானா வந்துச்சு. நல்லாருக்குல்ல?”

“உங்கப்பாரு இப்பிடித்தான் கழட்டுவாரு. மோதிரம் பட்டு மூஞ்சி கிழிஞ்சா ஊருக்குத் தெரிஞ்சிருமுல்ல.” ஒரு மொச்சையை உரித்துப் போட்டார். “ஒங்கிட்டத்தான் குடுப்பாரு.”

சின்னக்கண்ணு போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“நான் வாங்கி வச்சுக்குவனாத்தா?”

கருப்பியம்மாள் மொச்சைத் தோலை முறத்தில் கூட்டி அள்ளிக்கொண்டு, கொல்லைப்பக்கம் போனார்.