இரண்டும் வந்த ஆட்டம்

எங்கள் கிணற்றைக் கெடுத்ததும் டேனரிதான், எங்களுக்குச் சோறு போட்டதும் டேனரிதான். தோல் பதனிடும் கழிவுத் தண்ணீர் இறங்கித் தென்னைகள் மொட்டையானபோது பெரியப்பா ஊரோடு சேர்ந்து வழக்குப் போட்டார். அதே டேனரியின் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டிக்கொண்டிருந்தார் அப்பா. இருவரும் ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் சாப்பிட்டார்கள். எனக்கோ இதையெல்லாம்விட ஒன்பதாம் வகுப்பில் நான் எழுதிய கம்ப்யூட்டர் விளையாட்டுதான் பெரிதாக இருந்தது.

கம்ப்யூட்டர் இருபதுக்குள் ஓர் எண்ணை ஒளித்துவைக்கும். கண்டுபிடிக்க ஐந்து வாய்ப்பு. பள்ளிக் கண்காட்சிக்கு அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்கப் போனவன் நான். அப்பா வந்தே தீரவேண்டும் என்று அடம்பிடித்தேன். லீவு கிடைக்காது என்றார்.

கண்காட்சியன்று காலையில் தீர்ப்பு வந்தது. டேனரியை மூட உத்தரவு. பெரியப்பா தெருமுனையில் சரவெடி கொளுத்தினார். லீவு கிடைக்காத அப்பா, மணியடிப்பதற்கு முன்பே பள்ளிக்கு வந்து நின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் ஆட்டத்தின் முன் உட்காரவைத்தேன். அப்பா நான்கு தடவை தப்பாகச் சொன்னார். கடைசியில், "பதினேழு போடு" என்றார். திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. அதன் கீழேயே இன்னொன்று.

"இன்னாடா எழுதியிருக்குது?"

"ஜெயிச்சிட்டன்னு போட்டிருக்குதுப்பா."

"கீழ?"

"தோத்துட்டன்னு. அது தப்பா வருது."

அப்பா திரையையே பார்த்தார். "அது எப்டிடா தப்பு?"

கம்ப்யூட்டர் சார் சிரித்துக்கொண்டே வந்தார். "நம்பர் சரியான்னு ஒருதரம் பாக்குற. வாய்ப்பு தீர்ந்துபோச்சான்னு இன்னொருதரம் பாக்குற. கடைசி வாய்ப்புல சரியாச் சொல்றவனுக்கு ரெண்டும்தானே வரும்? சுருக்குடா. ஆட்டம் முடிஞ்சதும் ஒரே கேள்வி, நம்பர் சரியா? ஆமான்னா ஜெயிச்சான், இல்லன்னா தோத்தான்."

அழித்து எழுதிவிட்டு நிமிர்ந்தால் அப்பாவைக் காணோம். ஓடினேன். பள்ளி கேட் அருகே, டேனரிப் புகைபோக்கி தெரிகிற பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார். சுண்ணாம்பு தின்ற விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"சரி பண்ணிட்டேன்பா! இனிமே ரெண்டும் வராது, ஒண்ணுதான் வரும்."

"எது?" என்று கேட்டார்.

டேனரி அதன்பிறகு திறக்கவில்லை. கிணறும் இன்றுவரை தேறவில்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. எனவே முதலிலிருந்து, வரிவரியாக விளக்கினேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். புரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.