ரிவால்வர் கட்சியும் பிஸ்டல் கட்சியும்

மற்ற வியாபாரங்களில் விற்ற சாமான் வெடித்தால் சண்டைக்கு வருவார்கள். என் வியாபாரத்தில் வெடிக்காவிட்டால் வருவார்கள்.

திருத்தணியில் மலைக்குப் படியேறும் வழியில் எங்கள் பொம்மைக் கடை இருக்கிறது. பந்து, பலூன், ஊதல் எல்லாம் உண்டு. ஆனாலும் ஓடுவது கேப் துப்பாக்கிதான். பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். படியில் குரங்குகள் தேங்காய் மூடியைப் பிடுங்குவதால், பெரியவர்களும் கையில் ஒன்றோடு ஏறுகிறார்கள்.

கடையில் எனக்குக் கூட்டாளி என் அக்கா வீட்டுக்காரர். ஆந்திராப் பக்கத்து நகரிக்காரர், அதனால் எனக்கு அவர் அத்தான் இல்லை, பாவா. நான் ரிவால்வர் கட்சி. சிவப்பு ரிங் கேப்பை உருளையில் மாட்டினால் எட்டு வெடி. ஒன்று நமுத்துப்போயிருந்தாலும் அடுத்தது வெடித்துவிடும். பாவா பிஸ்டல் கட்சி. அதில் காகிதச் சுருள் கேப். ஒரு தடவை மாட்டினால் வெகுநேரம் சுடலாம், பார்க்கவும் செல்போன் விளையாட்டில் வருகிற மாதிரியே இருக்கும். ஆனால் சுருள் உள்ளே மடங்கிச் சிக்கிக்கொண்டால் அதற்கப்புறம் அது வெறும் பிளாஸ்டிக் கட்டை.

கடை சின்னது. தீபாவளிக்கு ஒரு ரகத்தைத்தான் மொத்தமாக எடுக்க முடியும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் எது நல்ல பேர் வாங்குகிறதோ அதற்கே ஆர்டர் என்று எங்களுக்குள் ஒப்பந்தம். பிஸ்டல் ஜெயித்துவிட்டால், தீபாவளி முழுக்கக் கொண்டை ஊசியால் சுருளைக் குடைந்துகொண்டு உட்காரப்போவது பாவா இல்லை, நான். கடை வைத்திருக்கும் புண்ணியவான்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்காவது புரியும்.

எட்டு ஓட்டை

கிருத்திகைக்கு முந்தின நாளே கூட்டம் ஆரம்பித்துவிட்டது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஒருத்தர், ரிவால்வரைக் கையில் வாங்கி உருளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நமக்கு ஒரு ஓட்டு விழுந்தது என்று நானும் சந்தோஷமாக ரிங் கேப் டப்பாவைத் திறந்தேன். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா, எட்டு கீது?"

"ஆங், எட்டுதாங்க. எட்டு வாட்டி சுடலாம்."

சினிமாவில் எந்த போலீஸ்காரர் சுட்டாலும் ஆறோடு தீர்ந்துபோகும் என்பது அவர் கணக்கு. இரண்டு கூடுதலாகத்தானே இருக்கிறது, நஷ்டம் என்ன என்று கேட்டேன். என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, துப்பாக்கியைத் திருப்பி வைத்தார். "ஆறு போடற அசலு இருந்தா குடும்மா, எட்டு போடற டூப்ளிகேட்டு எனக்கு வாணாம்."

பட்டாளத்துக்காரர்

பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவராம். நானும் பாவாவும் வாக்குவாதம் செய்வதைக் கேட்டுக் கடைக்குள்ளேயே வந்துவிட்டார். ரிவால்வர் என்றால் நம்பிக்கை, பிஸ்டல் என்றால் வேகம் என்று தொடங்கினார். ஒன்று வெடிக்காவிட்டால் விசையை மறுபடி அழுத்தினால் போதும், ரிவால்வரில் அடுத்த தோட்டா வந்து நிற்கும் என்றார். நான் பாவாவைப் பார்த்தேன். பிஸ்டலில் தோட்டா அதிகம், சட்டென்று மாற்றலாம், இப்போது உலகம் முழுக்கப் படைகளில் அதுதான் என்றார். பாவா என்னைப் பார்த்தார்.

பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது, ஒரு காவடி இடிக்காமல் ஒதுங்கிப் போனது. அவர் அசையவே இல்லை. எங்கள் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குறி பார்த்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, பாதி கடையைக் கலைத்துவிட்டார். கடைசியில் நான் பொறுக்கமாட்டாமல், "ஐயா, உங்களுக்கு எது குடுக்கட்டும்?" என்று கேட்டேன்.

"எனக்கெதுக்கும்மா? விக்கிறவங்களுக்கு வெவரம் தெரியணுமேன்னு சொன்னேன்."

சிக்கிய சுருள்

ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருத்தர், மகனுக்குப் பாவா கையால் பிஸ்டல் வாங்கிப் போனார். நாலு படி ஏறியிருப்பார், திரும்பி வந்தார். சிக்கிவிட்டது. காலையிலிருந்து தூறல் வேறு, காகிதம் நமுத்திருந்தது. நான் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, சுருளைக் குடைந்து எடுத்து, நேராக்கிக் கொடுத்தேன். பிறகு மண்டபம் வரை போய்த் திரும்பி வந்தார். மறுபடி ஊசி. என் விரலெல்லாம் மருந்துக் கறுப்பு. மலையிலிருந்து இறங்கும்போது மூன்றாவது தடவையாக வந்து, துப்பாக்கியைப் பலகை மேல் விட்டெறிந்தார்.

இதை விற்ற பாவா எங்கே என்று பார்த்தால், டீ குடிக்கப் போயிருந்தார். எப்போது சுருள் சிக்குகிறதோ அப்போது அவருக்கு டீ தாகம் எடுக்கும். நான் மூன்றாவது முறையும் எடுத்துக் கொடுத்தேன். அந்த மனிதர் கடை முன்னால் நின்று, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்: "ஜென்மத்துக்கும் இனிமே இந்த பிஸ்டல தொட மாட்டேன்!"

கத்தினது என்னைப் பார்த்துத்தான் என்றாலும், எனக்கு அது இனிமையாகவே இருந்தது.

தீர்ப்பு

டீ குடித்துத் திரும்பிய பாவா தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. பந்தோபஸ்துக்கு நின்றிருந்த ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, சோடா கொடுத்து உட்காரவைத்தார். "சார், நெஜத்துல இப்ப எது சார் ஜாஸ்தி? எங்க எஸ்தர் பாப்பாவுக்கு நீங்களே சொல்லுங்க" என்று என்னைக் காட்டினார்.

அவர் நிதானமாகச் சோடாவைக் குடித்தார். பழைய அதிகாரிகள் ரிவால்வர்தான் வைத்திருப்பார்களாம், இப்போது வருகிறவர்கள் பிஸ்டல் கேட்கிறார்களாம். பாவா மீசையைத் தடவிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், நீங்க எது வச்சிகினு கீறீங்க?" என்று கேட்டேன்.

"என்னாண்ட இன்னாம்மா கீது, லத்திதான்."

வடையும் தயிர்சாதமும்

கிருத்திகை அன்று மத்தியானம், கூட்டம் கொஞ்சம் தணிந்த நேரம். பாவா பலகை மேல் டிபன் பாக்ஸைத் திறந்தார். அக்கா கொடுத்தனுப்பிய தயிர்சாதம், மேலே இரண்டு வடை. மூடி திறந்த சத்தம் கேட்டதோ என்னமோ, கூரையிலிருந்து ஒரு கடுவன் குரங்கு நேராகப் பலகையில் குதித்து, வடைக்கு எதிரே உட்கார்ந்தது.

பாவா சளைக்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த பிஸ்டலை எடுத்து, போலீஸ் அதிகாரி மாதிரி நீட்டி அழுத்தினார். 'டிக்' என்றது. மறுபடி அழுத்தினார். 'டிக்.' குழாய் ஓரத்தில் ஈரச் சுருள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. குரங்கு பல்லைக் காட்டி ஒரு அடி முன்னால் வந்தது. பாவா ஸ்டூல் மேல் ஏறிவிட்டார்.

என் கைக்குப் பக்கத்திலேயே கேப் போட்ட ரிவால்வர் இருந்தது. ஆனால் இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் எனக்கு மறுபடி எங்கே கிடைக்கும்? "இன்னா பாவா, பிஸ்டலு சிக்கிகிச்சா? ஊசி தரட்டுமா?" என்று கேட்டேன். ஸ்டூல் மேலிருந்து அவர் அலறினார்: "தீவாளிக்கு ரிவால்வரே ஆர்டர் போட்டுடலாம்மா, மொதல்ல சுடு!"

தீபாவளி

சுட்டேன். முதல் கேப் நமுத்திருந்தது, இரண்டாவது வெடித்தது. குரங்கு ஓடியது, ஒரு வடையோடு. பாவா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தீபாவளிக்குக் கடை முழுக்க ரிவால்வர். கொண்டை ஊசியைக் கொண்டையிலேயே குத்திக்கொண்டு, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கடை திறந்ததும் முதல் ஆளாக வந்தவர் அதே ஆர்.கே.பேட்டைக்காரர். மேலும் கீழும் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இன்னாம்மா, எல்லாம் பழைய மாடலா தொங்குது? பிஸ்டலு இல்லியா?"

எனக்குத் தலை சுற்றியது. "ஏங்க, நீங்கதானே மூணு வாட்டி சிக்கிகிச்சுன்னு எடுத்தாந்து விட்டெறிஞ்சீங்க?"

பின்னால் பாவா தொண்டையைக் கனைப்பது கேட்டது. வந்தவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"சிக்கினா இன்னா இப்போ? எடுத்துக் குடுக்கத்தான் நீ கீறியே!"

அதற்குள் பாவா, ஆடியில் மீந்த ஒரு பிஸ்டலைப் பெட்டியிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டிவிட்டார். ஆகவே நண்பர்களே, நாட்டில் ரிவால்வர் ஜெயித்தாலும் சரி, பிஸ்டல் ஜெயித்தாலும் சரி, கொண்டை ஊசி என் கையில்தான்.